விளக்கு அணைந்தாலும் பெல்ட் இருக்கட்டும்

கேள்வி: மகளைப் பார்க்கத் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகிறேன். இதுதான் முதல் விமானப் பயணம். சர்க்கரை இருப்பதால் அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கும். பெல்ட் விளக்கு அணைந்ததும் பெல்ட்டைக் கழற்றிவிடலாம்தானே? திரும்பும்போது மகளும் 14 மாதப் பேரனும் உடன் வருகிறார்கள். இரண்டு வயது ஆகாததால் அவனை மடியில் வைத்துக்கொள்ளலாம், தனி சீட் வேண்டாம் என்கிறார் டிராவல்ஸ்காரர். சரியா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: விளக்கு அணைந்தால் தாராளமாக எழுந்து போய் வாருங்கள் அம்மா. ஆனால் சீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் பெல்ட் மாட்டியே இருக்கட்டும்.

2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம், மியான்மருக்கு மேலே 37,000 அடி உயரத்தில் கடும் குலுக்கலில் சிக்கியது. பெல்ட் விளக்கு எரிந்து சுமார் 8 நொடிதான் ஆகியிருந்தது. சிங்கப்பூர் போக்குவரத்துப் பாதுகாப்புப் புலனாய்வுத் துறையின் முதற்கட்ட அறிக்கைப்படி, 4.6 நொடிக்குள் விமானம் 178 அடி இறங்கியது. விமானம் சட்டென்று கீழே போகும்போது பெல்ட் போடாதவரின் உடம்பு அதோடு சேர்ந்து இறங்காது. அந்தரத்தில் நிற்கும், கூரை வந்து தலையில் மோதும். அடுத்த நொடியே ஆள் கீழே வந்து விழுவார். அன்று பலருக்குத் தலையிலும் முதுகெலும்பிலும் அடி. 73 வயதுப் பயணி ஒருவர் இறந்துபோனார்.

விமானியின் ரேடாருக்கு மழைத்துளி தெரியும். மேகமே இல்லாத இடத்தில் காற்று புரண்டால் தெரியாது. அதனால் எப்போதும் முன்கூட்டியே விளக்கு எரியும் என்று நம்பியிருக்க முடியாது.

பெல்ட்டை வயிற்றின் மேல் கட்டாதீர்கள். புடவை மடிப்புக்குக் கீழே, இடுப்பெலும்பில் படியும்படி இறுக்குங்கள். நீளம் போதாவிட்டால் பணிப்பெண்ணிடம் கேளுங்கள், கூடுதல் பெல்ட் துண்டு தருவார். இதில் கூச்சமே வேண்டாம். கழற்றும் முறையை ஏறியவுடன் இரண்டு முறை செய்து பாருங்கள். காரில் பொத்தானை அழுத்திப் பழகிய கை, அவசரத்தில் இங்கும் பொத்தானைத்தான் தேடும். இங்கே பூட்டின் மேலுள்ள தகட்டைத் தூக்க வேண்டும். போர்த்தித் தூங்கினால் போர்வைக்கு மேலே பெல்ட்டைப் போடுங்கள். இல்லாவிட்டால் சரிபார்க்க வருபவர் உங்களை எழுப்புவார்.

நடக்கும்போது சீட்டின் முதுகைப் பிடித்தபடி போங்கள். வழியில் குலுங்கினால் உங்கள் சீட்டைத் தேடி ஓட வேண்டாம். பக்கத்தில் எது காலியோ அதில் உட்கார்ந்து பெல்ட்டைப் போடுங்கள்.

பேரன் விஷயம்தான் எனக்குக் கவலை. டிராவல்ஸ்காரர் சொன்னது விதிப்படி சரி. பாதுகாப்பு வேறு விஷயம். 10 கிலோ குழந்தை, புவியீர்ப்பைப் போல மூன்று மடங்கு விசையில் 30 கிலோவாக இழுக்கும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் யுனைடெட் விமானம் விழுந்தபோது, மடிக் குழந்தைகள் நான்கு பேர் அதில் இருந்தார்கள். அன்றைய நடைமுறைப்படி, குழந்தைகளைத் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன். ஒரு குழந்தை இறந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனி இருக்கை வேண்டும் என்று அவர் பிறகு பல ஆண்டுகள் போராடினார். அமெரிக்க விதி மாறவில்லை.

மடியில்தான் வைத்தாக வேண்டும் என்றால், குழந்தைக்கான இணைப்பு பெல்ட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒரே பெல்ட்டை இருவருக்கும் சேர்த்துப் போடவே கூடாது; உங்கள் எடை முழுவதும் அவன்மேல் இறங்கும்.

முடிந்தால் பேரனுக்கும் தனி டிக்கெட் எடுக்கும்படி மகளிடம் சொல்லுங்கள். காரில் அவன் உட்காரும் குழந்தை இருக்கையை விமானத்தில் பொருத்த அனுமதி உண்டா என்று, டிக்கெட் எடுக்கும் முன்பே அந்த நிறுவனத்திடம் கேட்கச் சொல்லுங்கள்.