கொள்ளும் உப்பும்

கருநாடக மாநிலத்தின் கோலார் மாவட்டத்தில் தங்கவயல் என்னும் நகரம் உள்ளது. அந்நகரின் வடபகுதியில் அமைந்தது பாலகாட். மத்தியப் பிரதேசத்திலும் இதே பெயரில் ஒரு மாவட்டம் உண்டு. அங்கும் சுரங்கங்கள் உண்டு. ஆதலால் இரண்டையும் ஒன்றெனக் கருதிவிடலாகாது. தங்கவயலின் பாலகாட், ஒரு தங்கச் சுரங்கத்தின் பெயராகும். மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகாம், நந்திதுர்க்கம் எனத் தெற்கிலிருந்து வடக்காகச் சென்ற சுரங்க வரிசையின் வடகோடியில் அது இருந்தது. சுரங்கத்தைச் சூழ்ந்து எழுந்த குடியிருப்புக்கும் அப்பெயரே நிலைத்தது.

ஆங்கிலேயரின் ஜான் டெய்லர் நிறுவனம் 1880களில் இங்குச் சுரங்கத் தொழிலை நடத்தத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் பலர் குடும்பத்தோடு வேலை தேடி வந்தனர். அவர்களுக்கெனக் கட்டப்பட்ட வீட்டு வரிசைகள் 'லைன்' எனப்பட்டன. இன்றும் தங்கவயல் மக்கள் தம் முகவரியை லைன் பெயரால்தான் கூறுகின்றனர். வந்தவர்கள் தம் மொழியோடு தம் உணவையும் கொண்டுவந்தனர். கேழ்வரகுக் களி, கொள்ளுக் கடையல், கீரை, கருவாட்டுக் குழம்பு ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. கோலார்ச் சீமையும் கேழ்வரகு விளையும் நிலமாதலால் களிக்குப் பஞ்சமில்லை. தமிழர் 'களி' என்றதைக் கன்னடர் 'முத்தெ' என்றனர். கன்னடர் அதை மெல்லாமல் குழம்பில் தோய்த்து விழுங்குவர். அப்பழக்கம் பல தமிழ் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது.

அக்காலத்து உணவில் உப்பு மிகுதி. அதற்குக் காரணம் உண்டு.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டருக்கும் மேல் ஆழமானது. பூமிக்குள் செல்லச் செல்ல வெப்பம் மிகும். அவ்வளவு ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைக் கடந்தது. காற்றைக் குளிர்வித்து உள்ளே செலுத்தியபோதும் தொழிலாளரின் உடல் வேர்வையால் நனைந்தே இருக்கும். வேர்வை வெறும் நீரன்று. அதன் ஒரு லிட்டரில் சுமார் 1 கிராம் சோடியம் வெளியேறலாம். இவ்வளவு ஆளுக்கு ஆள் மாறுபடும். ஒரே பணிமுறையில் நான்கு லிட்டர் வேர்த்தவர் ஏறத்தாழ 4 கிராம் சோடியத்தை இழந்திருப்பார். அது 10 கிராம் சமையலுப்புக்கு ஈடாகும்.

இழந்த உப்பை ஈடு செய்யாமல் நீரை மட்டும் பருகினால் என்ன நேரும் என்பது இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் தெரியவந்தது. ஆழமான, வெப்பம் மிகுந்த சுரங்கங்களில் வேலை செய்தோர்க்குக் கைகால்களிலும் வயிற்றிலும் கடுமையான தசைப்பிடிப்பு உண்டாயிற்று. நிறைய நீர் பருகியவர்களே மிகுதியாகத் துன்புற்றனர். நெவில் மாஸ் என்னும் ஆய்வாளர் 1923ஆம் ஆண்டில் இதன் காரணத்தை விளக்கினார். உடலில் உப்பு குறைந்திருக்கும்போது நீர் மட்டும் சேர்ந்ததால் தசைகள் இழுத்துக்கொண்டன. குடிநீரில் சிறிது உப்பைக் கலந்து கொடுத்ததும் தசைப்பிடிப்பு குறைந்தது.

இந்த ஆய்வைத் தங்கவயல் வீடுகளில் எவரும் படித்திருக்கத் தேவையில்லை. வேலை முடிந்து மேலே வந்தவரின் உடலே உப்பைக் கேட்டது. கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் அதைக் கொடுத்தன. கருவாட்டில் புரதமும் இருந்தது, விலையும் குறைவு. பாறையை உடைக்கும் உடலுக்கு அவ்வுணவு பொருத்தமானதே. கல்தூளால் நுரையீரல் கெடும் சிலிக்கோசிஸ் என்னும் நோய் அத்தொழிலாளரை வாட்டியது தனிக்கதை. அதை எந்த உணவும் தடுத்திருக்க இயலாது.

சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அதன்பின் தங்கவயல் மக்களில் பலர் பெங்களூருவுக்கு வேலைக்குச் செல்லத் தொடங்கினர். விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் தொடர்வண்டியில் ஏறி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சென்று, கடைகளிலும் அலுவலகங்களிலும் தொழிற்கூடங்களிலும் வேலை செய்து இரவில் திரும்புகின்றனர். களைப்பு குறையவில்லை, ஆனால் வேர்வை குறைந்துவிட்டது. நாற்காலியில் அமர்ந்தும் வண்டியில் நின்றும் கழியும் நாளில் நான்கு லிட்டர் வேர்வை ஏது? வேலை மாறியது, நாவின் பழக்கம் மாறவில்லை. பாட்டனாருக்கு மருந்தாக இருந்த உப்பின் அளவு பேரனுக்குச் சுமையாகிவிடுகிறது.

அச்சுமையை முதலில் தாங்குவது குருதிக் குழாய்களே. சோடியம் இருக்குமிடத்தில் நீர் தங்கும். உண்ட உப்பைச் சிறுநீரகங்கள் வெளியேற்றி முடிப்பதற்குள் மேலும் மேலும் உப்பு வந்துகொண்டிருந்தால், குருதியின் அளவு கூடும். குழாய்ச் சுவர்களின்மீது அழுத்தமும் கூடும். இதுவே உயர் குருதி அழுத்தம். பெரும்பாலும் இதற்கு வலியோ வேறு அறிகுறியோ இராது. ஆண்டுக்கணக்கில் அழுத்தம் நீடித்தால் இதயமும் மூளையும் சிறுநீரகமும் கெடும். அறிகுறி தோன்றும்வரை காத்திருப்போர் காலம் கடந்தே மருத்துவரிடம் செல்கின்றனர்.

பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் அறிவுரை. அது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. சிறுவர்க்கு இன்னும் குறைவு. உப்பின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு சோடியம். ஆகவே 5 கிராம் உப்பில் 2 கிராம், அதாவது 2,000 மில்லிகிராம் சோடியம் உள்ளது. இந்தியர் சராசரியாக 8 கிராம் அளவுக்கு உப்பு உண்பதாகத் தேசிய அளவிலான ஆய்வொன்று கண்டது.

இங்கே ஓர் ஐயம் எழும். வளரும் பிள்ளைகளுக்குப் புரதம் வேண்டும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 13 முதல் 15 வயதுவரை உள்ள சிறுவர்க்கு நாள்தோறும் சுமார் 45 கிராமும் சிறுமியர்க்குச் சுமார் 43 கிராமும் புரதம் தேவை. உப்பைக் குறைத்தால் கருவாடு போன்ற புரத உணவும் குறையுமே, என்ன செய்வது?

கருவாட்டின் எடையில் ஏறத்தாழப் பாதி புரதமாக இருப்பதுண்டு. ஆனால் உப்பிட்டு உலர்த்திய கருவாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேலும் உப்பு இருக்கும். அத்தகைய கருவாடு 50 கிராம் உண்டால், நாள் முழுவதற்குமான உப்பு அதிலேயே முடிந்துவிடும். அப்பளத்தின் நிலையும் இதுவே. உளுந்து நல்ல புரத உணவு. அப்பளமானதும் உப்பும் காரமும் சேர்ந்து சோடியம் மிகுந்ததாகி விடுகிறது. கடைப் பொட்டலங்களோ இன்னும் ஏமாற்றுபவை. 'புரதம் நிறைந்தது' என்று முன்புறத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். சோடியத்தின் அளவைப் பின்புறத்தில் தேடித்தான் படிக்க வேண்டும். உடனடி நூடுல்ஸ் பொட்டலம் ஒன்றில் 800 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருப்பதுண்டு. அவ்வெண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும்: 2,000 மில்லிகிராம், அதாவது 2 கிராம். சமையலுப்பில் மட்டுமன்றிச் சோடா உப்பிலும் அஜினோமோட்டோவிலும் சோடியம் உண்டு. இந்துப்பும் கல்லுப்பும் சோடியம் குறைந்தவை என்று சிலர் நம்புகின்றனர். நிறம் வேறாயினும் அவையும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே.

ஐயத்திற்கு விடை கருவாட்டுக் கூடைக்கு அருகில் இருக்கும் கொள்ளு மூட்டையில் உள்ளது. கொள்ளில் 100 கிராமுக்குச் சுமார் 22 கிராம் புரதம் உண்டு. சோடியமோ மிகமிகக் குறைவு. நிலத்திலிருந்து வரும் பயறு எதுவும் உப்போடு வருவதில்லை. உப்பைச் சேர்ப்பது சமைப்பவர் கை. கருவாட்டில் உப்பு முன்பே ஏறியிருப்பதால் அதைக் குறைக்க வழி சிறிதே. கொள்ளில் எவ்வளவு இடுவது என்பது வீட்டாரின் விருப்பம். வேறுபாடு இதுதான்.

ஒரு நாள் உணவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கேழ்வரகு மாவு 100 கிராமில் 7 கிராம் புரதம். அரிசி 200 கிராமில் 15 கிராம். கொள்ளும் பருப்புமாக 60 கிராமில் 13 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு குவளைப் பாலில் 6 கிராம். ஆக 47 கிராம். முட்டை உண்ணாதவர் ஒரு கைப்பிடி வேர்க்கடலை உண்டால் அதே அளவு கிடைக்கும். இவை அனைத்திலும் இயற்கையாக உள்ள சோடியத்தைக் கூட்டினாலும் 200 மில்லிகிராம் அளவே வரும். எல்லையில் பத்தில் ஒரு பங்கு அது. எஞ்சிய இடம் முழுவதும் சமையலில் இடும் உப்புக்கே உரியது. பத்தியச் சோறு உண்ண வேண்டிய தேவை எவருக்கும் வராது.

களியும் கொள்ளும் சேர்வதில் மற்றொரு நன்மையும் உண்டு. தானியங்களில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பயறுகளில் அது மிகுதி. பயறுகளில் குறைந்த மெத்தியோனின் தானியங்களில் உண்டு. இரண்டையும் சேர்த்து உண்டால் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும். மூன்று பங்கு தானியத்திற்கு ஒரு பங்கு பயறு என்பது நல்ல அளவு. களி அதிகமாகவும் கடையல் ஒரு கரண்டியாகவும் இருக்கும் தட்டில் இவ்வளவு அமையாது. கடையலைக் கூட்டுவதே புரதத்தைக் கூட்டும் எளிய வழி. களி கிண்டும்போது உப்பு இடாத வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதை விடாமல் காப்பது நன்று.

உப்பைக் குறைத்துச் சுவையைக் காப்பது சமையலறைக் கலை. புளிப்பும் காரமும் மணமும் மிகுந்தால் நாவு உப்பை மிகுதியாகத் தேடாது. கோலார் மாவட்டம் தக்காளிக்குப் பெயர்பெற்றது. கொள்ளை முதல்நாள் இரவே ஊறவைத்து, உப்பிடாமல் குழைய வேகவைத்து, தக்காளி, பூண்டு, சீரகம், மிளகாய் சேர்த்துக் கடைந்து, இறக்கும் நேரத்தில் அளந்து உப்பிட வேண்டும். வேகவைத்த நீரைக் கொட்டாமல் ரசமாக்கலாம். கருநாடகத்தில் பயறும் கீரையும் வெந்த நீரை வடித்துச் சாறு வைத்து, வெந்ததைப் பொரியலாக்குவர். 'பஸ்ஸாரு' என்பது அதன் பெயர். கீரையிலும் பயறிலும் உள்ள பொட்டாசியம், மிகுதியான சோடியத்தைச் சிறுநீரகம் வெளியேற்ற உதவுகிறது. உப்பைத் திடீரென நிறுத்தினால் வீட்டார் உணவைத் தள்ளிவைத்துவிடுவர். வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைத்தால் நாவு பழகிக்கொள்ளும். சில வாரங்களுக்குப்பின் பழைய அளவே கரிப்பாகத் தோன்றும். இடுகின்ற சிறிதளவு உப்பும் அயோடின் கலந்த உப்பாக இருத்தல் வேண்டும்.

கருவாட்டை அறவே விலக்க வேண்டியதில்லை. வெந்நீரில் ஊறவைத்து, நீரை இருமுறை மாற்றிக் கழுவினால் உப்பின் ஒரு பகுதி நீங்கும். பின்பு குழம்பில் தனியாக உப்பிடாமல் சமைக்கலாம். உப்பிடாமல் உலர்த்திய நெத்திலியும் சில கடைகளில் கிடைக்கிறது.

எல்லார்க்கும் ஒரே அளவு பொருந்தாது. கொளுத்தும் வெயிலில் கட்டட வேலை செய்வோரும் உலைக்கூடத்தில் நிற்போரும் இன்றும் சுரங்கத் தொழிலாளரைப் போலவே வேர்க்கின்றனர்; அவர்கள் நீரையும் உப்பையும் இழப்புக்கேற்பப் பெற வேண்டும். சிறுநீரக நோயுற்றோர் புரதத்தைத் தாமாகக் கூட்டலாகாது. கடைகளில் விற்கும் 'சோடியம் குறைந்த உப்பு' பொட்டாசியம் கலந்தது. அதையும் அவர்கள் மருத்துவரைக் கேளாமல் பயன்படுத்தக் கூடாது.

மார்கழி, தை மாதங்களில் இராபர்ட்சன்பேட்டைச் சந்தையில் பச்சை அவரைக்காய் குவியும். கொட்டைகளை நீரில் ஊறவைத்து, விரலால் பிதுக்கித் தோலை நீக்கினால் கிடைப்பது பிதுக்குப் பருப்பு. கன்னடத்திலும் 'பிதுக்கிய பருப்பு' என்னும் பொருளுடைய பெயரே அதற்கு வழங்குகிறது. வீட்டிலுள்ள சிறுவரும் முதியவரும் ஒன்றாக அமர்ந்து பிதுக்குவர். அப்பருவத்தில் பல வீடுகளில் கருவாட்டுச் சட்டிக்கு ஓய்வு கிடைக்கும்.

அருஞ்சொற்பொருள்

கடையல் – வேகவைத்து மத்தால் மசித்த குழம்பு
குருதி – இரத்தம்
பணிமுறை – ஷிப்ட்
கரிப்பு – மிகுதியான உப்புச் சுவை
பத்தியம் – நோயுற்றோர்க்குரிய உணவுக் கட்டுப்பாடு

பயிற்சி

1. சுரங்கத் தொழிலாளர்க்கு உப்பு மிகுந்த உணவு பொருந்தியது ஏன்? அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கு அது பொருந்தாதது ஏன்?
2. ஒரு பொட்டலத்தில் 600 மில்லிகிராம் சோடியம் உள்ளது. அது எத்தனை கிராம் உப்புக்குச் சமம்?
3. 'நிறம் வேறாயினும்' என்பதைப் பிரித்து எழுதுக. இதுபோன்ற இரு தொடர்களைப் பாடத்திலிருந்து எடுத்து எழுதுக.
4. உங்கள் வீட்டில் நேற்று உண்ட உணவில் புரதம் தந்தவை எவை? அவற்றுள் உப்போடு வந்தவை எவை, சமையலில் உப்பு சேர்ந்தவை எவை?
5. உங்கள் பாட்டியிடமோ தாத்தாவிடமோ அவர்கள் இளமையில் உண்ட பயறு உணவு ஒன்றின் செய்முறையைக் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.