பவரைக் காட்டி விற்ற மனை யாருக்குச் சொந்தம்?

கேள்வி: ஓசூர் சிப்காட் ஆலையில் வேலை செய்கிறேன். பெங்களூர்க்காரர் ஒருவரின் மனைக்கு, அவரிடம் பவர் (அதிகாரப் பத்திரம்) வாங்கிய புரோக்கரிடம் முழுப் பணமும் கொடுத்து, பதிவு செய்யாத ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். மனை என்னுடையதுதானே?

பதில்: இன்னும் இல்லை. உழைத்துச் சேர்த்த பணம் என்பதால் ஒளிக்காமல் சொல்கிறேன். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவுப்படி, மனை கைமாறப் பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும்; விற்பனை ஒப்பந்தம் மட்டும் உரிமை தராது. பவர், ஒப்பந்தம் ஆகியவற்றை மட்டும் வைத்து நடக்கும் விற்பனையால் உரிமை மாறாது என்று சூரஜ் லேம்ப் வழக்கில் 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது.

பவர் முறையானதென்றால், அதே முகவர் உங்களுக்குக் கிரயம் எழுதித் தரலாம். உடனே கேளுங்கள். எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவர் பொதுவாகச் செல்லாது. அப்புறம் வாரிசுகள் பின்னால் அலைய வேண்டியிருக்கும். பவர் முறையாக இல்லையென்றால், உரிமையாளர் அதைப் பெங்களூரிலேயே பதிவு அலுவலர் முன் எழுதித் தரலாம். கிரயத்தை மனை அமைந்துள்ள பகுதிக்கான சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் பதிய வேண்டும்.

கிரயம் எழுதித் தர மறுத்தால், எழுதித் தரச் சொல்லி நீதிமன்றம் போகலாம். கெடு பொதுவாக 3 ஆண்டு. தமிழ்நாட்டில் 2012 முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவது கட்டாயம். ஆனாலும் இத்தகைய வழக்கில் பதியாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது உங்களுக்கு ஆறுதல்.

மூலப் பத்திரங்களையும் பாருங்கள். மனை ஓசூரில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: ஓசூர் 2004 பிப்ரவரி வரை தருமபுரி மாவட்டம், 1965க்கு முன் சேலம். பழைய பத்திரத்தில் அந்த மாவட்டப் பெயர்கள் இருந்தால் கலங்க வேண்டாம்.