கையடக்கத் தொலைபேசியின் விபரங்களைக் கணினியிற் பேணல்

நெற்செய்கையிலும் மரக்கறிச் செய்கையிலும் ஈடுபட்டுள்ள கமக்காரர் பலர் இன்றும் பொத்தான்களையுடைய சாதாரண கையடக்கத் தொலைபேசியையே பயன்படுத்துகின்றனர். உழவு இயந்திரச் சொந்தக்காரர், அறுவடை இயந்திரச் சாரதி, விதைநெல் தருபவர், மரக்கறி வியாபாரி ஆகியோரின் இலக்கங்கள் யாவும் அதனுள்ளேயே இருக்கின்றன. வியாபாரி ஒப்புக்கொண்ட விலையும், வங்கியில் இடப்பட்ட பணத்தின் விபரமும் குறுஞ்செய்திகளாக அதிலேயே உள்ளன. அத்தொலைபேசி வயற்சேற்றில் வீழ்ந்து பழுதுற்றால், கதிர் முற்றி நிற்கும் வேளையில் அறுவடை இயந்திரத்தை அழைக்க வழியிராது. நெல் உதிர்ந்து நட்டமாகும். பேசிய விலையை வியாபாரி மறுப்பாராயின், எடுத்துக்காட்டவும் ஒன்றும் இராது. ஆகவே இவ்விபரங்களின் பிரதியொன்றைக் கணினியில் வைத்திருத்தல் இன்றியமையாதது.

தொலைந்த சிம் அட்டைக்குப் பதிலாக அதே இலக்கத்துடன் புதிய அட்டையைப் பெறலாம். ஆயினும் பழைய அட்டையிற் பதிந்திருந்த பெயர்கள் புதிய அட்டையில் வந்து சேரமாட்டா. இதனைப் பலர் அறிவதில்லை.

1. பெயர்களை ஒன்றுசேர்த்தல்

பெயர்களுட் சில சிம் அட்டையிலும், சில தொலைபேசியின் நினைவகத்திலும் இருக்கக்கூடும். முதலில் சிம் அட்டையிலுள்ளவற்றைத் தொலைபேசி நினைவகத்திற் பிரதிசெய்துகொள்ளல் வேண்டும். பெயருடன் தொழிலையும் சேர்த்து எழுதினால், வீட்டிலுள்ள ஏனையோரும் தேவையானவரை எளிதிற் கண்டறிவர்.

2. கணினியுடன் இணைத்தல்

தொலைபேசியின் அமைப்புக்கேற்ப மூன்று வழிகளுள் ஒன்றைக் கைக்கொள்ளலாம்.

(அ) வடம்: யூ.எஸ்.பி. வடத்தினுள்ளே மின்னைக் கொண்டுசெல்லும் இரு கம்பிகளும், விபரங்களைக் கொண்டுசெல்லும் இரு கம்பிகளும் உள. மலிவான வடங்கள் சிலவற்றிற் பின்னைய இரண்டும் இல்லை. அத்தகைய வடத்தை இணைத்தால் மின்கலம் மட்டுமே மின்னேறும். கணினி தொலைபேசியை அறியாது. சில தொலைபேசிகளின் துவாரமும் மின்னேற்றுவதற்கு மாத்திரமே அமைந்தது. அவற்றிற்கு வேறு வழியை நாடுதல் வேண்டும்.

(ஆ) புளூடூத்: தொலைபேசியிலும் கணினியிலும் புளூடூத்தை இயக்கி, இரண்டிலும் ஒரே குறியீட்டெண் தோன்றுகிறதா எனப் பார்த்து இணைத்தல் வேண்டும். கணினியிற் கோப்பைப் பெறும் பகுதியை முன்னரே திறந்து வைத்த பின்னரே தொலைபேசியிலிருந்து பெயர்களை அனுப்புதல் வேண்டும்.

(இ) மெமரி காட்: தொலைபேசியின் பட்டியலில் பக்அப் என்பதைத் தெரிந்து பெயர்களை மெமரி காட்டில் எழுதி, அதனை வாசிப்பான் மூலம் கணினியில் இட்டுப் பிரதிசெய்தல் வேண்டும். காட் பொருத்த இடமுள்ள தொலைபேசிக்கு இதுவே இலகுவான வழியாகும்.

3. விரிதாளிற் பதிதல்

தொலைபேசி எழுதும் பிரதியைச் சில வேளைகளில் அதே வகைத் தொலைபேசி மட்டுமே வாசிக்கும். ஆதலால் பெயர், தொழில், ஊர், இலக்கம் என நான்கு நிரல்களைக் கொண்ட விரிதாளொன்றையும் ஆக்கிக்கொள்ளல் நன்று. இங்கு ஓர் அவதானம் வேண்டும். 0 இல் ஆரம்பிக்கும் 10 இலக்கங்களைத் தட்டெழுதும்போது கணினி அதனைத் தொகையெனக் கொண்டு முன்னுள்ள 0 ஐ நீக்கிவிடும். எழுதத் தொடங்குமுன் அந்நிரலை “எழுத்து” வகையாக மாற்றினால் இத்தவறு நேராது.

குறுஞ்செய்திகளைக் கணினிக்கு அனுப்பும் வசதி பல சாதாரண தொலைபேசிகளில் இல்லை. விலை, நிறை, முற்பணம், வங்கி வைப்பு என்பன பற்றிய செய்திகளைத் திகதியுடனும் அனுப்பியவர் பெயருடனும் இன்னொரு தாளிற் பதிந்துகொள்ளல் வேண்டும். இதனாற் போக முடிவில் வரவுசெலவைக் கணக்கிடுதலும் எளிதாகும். பதிந்த பின்னரும், கணக்குத் தீரும்வரை மூலச்செய்தியை அழித்தலாகாது.

4. பரீட்சித்தல்

முளைதிறனைச் சோதியாது விதைநெல்லை விதைப்பாரில்லை. அவ்வாறே பிரதியையும் திறந்து பார்த்தல் வேண்டும். ஐந்து பெயர்களைத் தெரிந்து, இலக்கங்கள் தொலைபேசியிலுள்ளவற்றுடன் ஒத்திருக்கின்றனவா எனவும், தமிழிலெழுதிய பெயர்கள் சிதையாது தோன்றுகின்றனவா எனவும் கவனிக்கவும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

பெரும்போகத்திற்கும் சிறுபோகத்திற்கும் நிலம் பண்படுத்துமுன் ஒவ்வொரு முறை புதிய பிரதி எடுக்கவும்.

வீட்டிற் கணினி இல்லாதோர் கடைக் கணினியைப் பயன்படுத்தின், தமது பிரதியைப் பென் டிரைவிற் சேமித்த பின்னர் கடைக் கணினியிலுள்ளதை அழித்துவிடவும். வங்கி இரகசிய எண்ணை எவ்விடத்தும் பதிதலாகாது.

மிக அவசியமான பத்து இலக்கங்களையும், விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கமாகிய 1920 ஐயும் தாளொன்றில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டி வைக்கவும். மின்சாரம் தடைப்பட்ட நாளிலும் அத்தாள் பயன்படும்.