மனைவியின் பிள்ளை உங்கள் வீட்டில்: பொறுப்பு யாருடையது?



கணவனை இழந்த ஒரு பெண்ணை நீங்கள் மணம் முடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவரோடு பதினைந்து வயது மகனோ பதின்மூன்று வயது மகளோ உங்கள் வீட்டுக்கு வருகின்றனர். திருமண ஓலை வாசிக்கப்படுகின்றது; பதிவுகாரர் முன் கையொப்பமும் ஆகிவிடுகின்றது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு இனி யார் பொறுப்பு என்ற கேள்வியை மட்டும் எவரும் கேட்பதில்லை. ஆறு மாதம் கழித்து, வீட்டில் சண்டை மூண்ட பின்னரே அது எழுகின்றது.

அப்போது இரண்டு விதமான பேச்சு நம் காதில் விழும். “அது நான் பெற்ற பிள்ளையா? எனக்கென்ன வந்தது?” என்பது ஒன்று. “சோறு போடுகிறவன் நான், அடிக்கவும் துரத்தவும் எனக்கு உரிமை உண்டு” என்பது மற்றொன்று. இலங்கைச் சட்டத்தின் முன் இரண்டுமே நிற்கமாட்டா.

முதலில் பணத்தைப் பார்ப்போம். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தாபரிக்கும் கடமையைப் பெற்றோர்மீதே சுமத்துகின்றது. மாற்றுத் தகப்பன் அந்தச் சட்டத்தில் பெற்றோர் அல்லர். சொந்தத் தகப்பன் உயிரோடு வேறிடத்தில் வாழ்ந்தால், தாய் மறுமணம் செய்துவிட்டார் என்பதனால் அவருடைய கடமை நீங்கிவிடாது. அவர் கொடுக்க மறுத்தால் தாய் நீதவான் நீதிமன்றத்தை நாடலாம். “புதியவர் பார்த்துக்கொள்வார்தானே” என்று கையைக் கழுவும் தகப்பன்மார் இதைக் கவனிப்பது நல்லது. திருச்சபைச் சட்டமும் இவ்விடயத்தில் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. முந்திய உறவில் பிறந்த பிள்ளைகளுக்குக் கடமைப்பட்ட ஒருவரின் திருமணத்தை, அவசர நிலையிலன்றி, மறைமாவட்ட அதிகாரியின் அனுமதி பெறாமல் குரு நடத்தலாகாது என்று 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 1071ஆம் சட்டம் கூறுகின்றது. பங்குக் குரு பிள்ளைகளைப் பற்றித் துருவிக் கேட்டால் மனம் நோகாதீர்கள்.

இனி, பணத்தை விட்டுப் பராமரிப்புக்கு வருவோம். இங்கே சட்டம் வேறு கேள்வி கேட்கின்றது. யார் பெற்றார் என்பதல்ல, யாருடைய பொறுப்பில் பிள்ளை இருக்கின்றது என்பதே அந்தக் கேள்வி. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தினால் தண்டனைச் சட்டக்கோவையில் 308அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒருவரைத் தன் காவலில், பொறுப்பில் அல்லது பராமரிப்பில் வைத்திருக்கும் எவரும், அவருக்குத் துன்பமோ உடல், உள ஊறோ உண்டாகத்தக்க விதத்தில் வேண்டுமென்றே தாக்கினாலும், கொடுமைப்படுத்தினாலும், கவனியாமல் விட்டாலும், கைவிட்டாலும் அது குற்றம். இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் பத்து ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். தண்டப்பணமும் நட்டஈடும் சேரலாம்.

“எவரும்” என்ற சொல்லைக் கவனியுங்கள். இரத்த உறவு வேண்டியதில்லை. திருமணப் பதிவுகூட வேண்டியதில்லை. பதிவின்றிக் கூடி வாழ்பவருக்கும் இது பொருந்தும். ஆகவே கோபத்தில் இரவு பத்து மணிக்குப் பையனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறவர், “அவன் என் மகன் அல்ல” என்று சொல்லித் தப்ப முடியாது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை, தாய் வேலையால் வந்து பார்க்கட்டும் என்று விட்டுவிடுகிறவரும் யோசிக்க வேண்டும். தாய் மத்திய கிழக்குக்குப் போய்விட்ட வீட்டில் இந்தப் பொறுப்பு இன்னும் கனக்கின்றது, அங்கே பிள்ளைக்கு வேறு ஆள் இல்லை.

பாடசாலை விடயமும் உண்டு. கட்டாயக் கல்விக்குரிய வயது 2016இல் பதினாறாக உயர்த்தப்பட்டது. வேலைக்கமர்த்தும் குறைந்த வயதும் 2021இல் பதினாறாயிற்று. பதினான்கு வயதுப் பையனைப் படிப்பை நிறுத்திக் கடையில் சேர்த்துவிடும் பழைய வழக்கத்துக்கு இன்று இடமில்லை. இன்னொன்று, மோட்டார் சைக்கிள். பிள்ளை செய்த சேதத்துக்கு, பிள்ளை செய்தது என்ற காரணத்துக்காக மட்டும் நமது உரோம-டச்சுச் சட்டம் பெரியவரைக் குற்றம் சாட்டுவதில்லை. ஆனால் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாத பையனிடம் திறப்பைக் கொடுத்தது நீங்கள் என்றால், தவறு உங்களுடையதே.

பொறுப்பு இவ்வளவு இருந்தும், பாதுகாவலர் என்ற சட்ட உரிமை திருமணத்தினால் உங்களுக்குக் கிடைப்பதில்லை. வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குச் சம்மதம், கடவுச்சீட்டு விண்ணப்பம் போன்றவற்றுக்குத் தாயின் கையொப்பமே தேடப்படும். தாய் வெளிநாடு செல்வதானால், புறப்படுமுன் சட்டத்தரணி ஒருவரிடம் சென்று, மாவட்ட நீதிமன்றத்தினால் பாதுகாவலர் ஒருவரை நியமிக்க வேண்டுமா என்று கேட்டறியுங்கள். பெண் பிள்ளையாயின், அம்மம்மாவிடமோ பெரியம்மாவிடமோ விடுவதே நல்லது என்பது எமது எண்ணம். இதைச் சந்தேகம் என்று நல்ல மனிதர்கள் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. மனைவியின் மகளை மணப்பதையும், அவளோடு உறவு கொள்வதையும் சட்டம் முற்றாகத் தடுக்கின்றது. அந்த இடத்தில் அவள் உங்கள் சொந்த மகளுக்குச் சமம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மாற்றுத் தகப்பனுக்கு எதிராகவும் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்குப் பிள்ளையே தொலைபேசியில் பேசலாம். இந்த இலக்கத்தைப் பிள்ளைக்கு மறைக்காதீர்கள்.

எமது முன்னோர் இவற்றை அறியாதவர் அல்லர். 1706-07இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமையிலே, மனைவியை இழந்தவர் மறுமணம் செய்ய விரும்பினால், சிறு பிள்ளைகளை அவர்களுடைய தாய்வழிப் பேர்த்தியார் அல்லது நெருங்கிய உறவினர் ஏற்று வளர்ப்பது வழக்கம் என்று சொல்லப்பட்டிருக்கின்றது. அப்போது தாயின் சீதனம் முழுவதையும், தேடியதேட்டத்தில் பாதியையும் தகப்பன் பிள்ளைகளோடு கொடுத்துவிட வேண்டும். பிள்ளை எங்கே வளர்ந்தாலும் அதன் ஆதனம் புதிய குடும்பத்துக்குள் கரைந்துவிடக் கூடாது என்பதே கருத்து.

இன்றைக்கும் ஆதனத்தில் கவனம் வேண்டும். நீங்கள் மரணசாதனம் எழுதாமல் இறந்தால், பத்து வருடம் உங்களை “ஐயா” என்று அழைத்த பிள்ளைக்கு உங்கள் முதுசத்தில் ஒரு பங்கும் இல்லை. கொடுக்க விரும்பினால் உறுதியோ மரணசாதனமோ எழுதிவைக்க வேண்டும். அல்லது 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில் மகவேற்புக் கட்டளை பெற வேண்டும். மகவேற்றபின் தாபரிப்புக் கடமையும் உங்களுடையதாகும். இதற்குப் பிள்ளையின் வயதில் எல்லை உண்டு. பிந்தினால் வழி அடைபடும். சட்டத்தரணியிடம் போகும்போது பிறப்புச் சான்றிதழையும், தகப்பன் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழையும், உங்கள் திருமணச் சான்றிதழையும் கொண்டு போங்கள். பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். அதன் விருப்பத்தை நீதிமன்றம் கேட்கும்.