ஸ்கேன் எடுக்கும்போதே இளைக்க வையுங்கள்

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், இரவு பதினொன்றரை மணி. சான்றிதழை ஏற்றினால் ‘ஃபைல் சைஸ் அதிகம்’ என்று சிவப்பு எழுத்தில் வந்து நிற்கும். அந்த நேரத்தில் ஃபைலைப் பிழிந்து சுருக்குவதைவிட, முதலிலேயே ஒல்லியாக எடுப்பது நல்லது.

1. ஸ்கேனரில் முதலில் பார்க்க வேண்டியது டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்பது. ஏ4 தாளை 300 டிபிஐயில் எடுத்தால் சுமார் 87 லட்சம் புள்ளிகள். அதையே 150இல் எடுத்தால் பாதியல்ல, கால்வாசிதான். நீளம், அகலம் இரண்டிலும் புள்ளிகள் பாதியாகிவிடுகின்றன அல்லவா? டைப் அடித்த கடிதத்துக்கு 150 போதும். பொடி எழுத்தென்றால் 200. தாத்தாவின் பழைய போட்டோவுக்கு 600 வையுங்கள், ரேஷன் கார்டுக்கு எதற்கு?

2. அடுத்தது நிறம். ஒவ்வொரு புள்ளிக்கும் கலரில் 24 பிட், கிரேயில் 8, கறுப்பு வெள்ளையில் ஒன்றே ஒன்று. சுருக்குவதற்கு முன், அதே 300 டிபிஐ தாள் கலரில் 26 எம்பி. கறுப்பு வெள்ளையில் ஒரு எம்பி சொச்சம். கரண்ட் பில் ரசீதைக் கலரில் எடுத்து யாருக்கும் ஆகப்போவதில்லை.

3. ஆனால் தமிழ் ஆவணத்துக்குக் கறுப்பு வெள்ளை ஆபத்து. மங்கலான அச்சில் மெய்யெழுத்தின் புள்ளி பறந்துவிடும். ‘க்’ எல்லாம் ‘க’ ஆகும். வயலட் மையில் குத்திய சீல் ஒன்று திட்டாகிவிடும், அல்லது காணாமலே போகும். பழைய பத்திரம், கையெழுத்துள்ள சான்றிதழ் இவற்றுக்கு 200 டிபிஐ, கிரே என்பது என் கணக்கு. கலர் கட்டாயம் என்று கேட்டால் மட்டும் கலர்.

4. கண்ணாடியைத் துடையுங்கள். தூசியும் சைஸைக் கூட்டும். மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து தெரிந்தால், தாளின் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்து எடுங்கள்.

5. போனில் எடுப்பவர்கள் சும்மா போட்டோ எடுத்து பிடிஎஃப் ஆக்காமல், ஸ்கேன் ஆப் பயன்படுத்துங்கள். மேஜை, விரல், நிழல் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிடும்.

6. ஸிப் செய்து பயனில்லை. ஸ்கேன் ஃபைலுக்குள் இருக்கும் ஜேபெக் படம் ஏற்கெனவே சுருங்கியதுதான்.

7. இலவசமாகச் சுருக்கித் தரும் தளங்களில் ஆதாரையும் பத்திரத்தையும் ஏற்றாதீர்கள். கோஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற இலவச மென்பொருள் உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே வேலையை முடித்துவிடும்.

8. டிஜிலாக்கரில் மதிப்பெண் பட்டியல் கிடைக்கிறதா? அப்படியே இறக்கிக்கொள்ளுங்கள். பிரின்ட் எடுத்து மறுபடி ஸ்கேன் செய்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்!

9. சுருக்கியபின் எண்களைச் சரிபாருங்கள். 2013இல் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்பவர் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தார். 14.13, 21.11, 17.42 என்று வெவ்வேறு அளவுள்ள மூன்று அறைகளும் 14.13 என்றே வந்தன. ஃபைலைச் சிறிதாக்க, ஒன்றுபோல் தெரியும் எழுத்துகளுக்கு ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பதித்திருக்கிறது இயந்திரம். மங்கலாக இருந்தால் நமக்கே சந்தேகம் வரும். இதுவோ பளிச்சென்று தப்பாக இருந்தது. சர்வே எண், பிறந்த தேதி, வங்கிக் கணக்கு எண் மூன்றையும் அசலோடு வைத்துப் பார்த்துவிட்டே அனுப்புங்கள்.