கூட்டத்துக்கு வராதவர்கள்

அன்புத் தோழருக்கு,

கிளைச் செயலாளர் பொறுப்பை ஏற்கச் சம்மதித்ததையும், ஏற்றதும் செய்ய நினைக்கும் முதல் மாற்றத்தையும் எழுதியிருந்தீர்கள். மாதக் கூட்டத்தில் பாதி நேரம் பிறந்தநாள் வாழ்த்து, நலம் விசாரிப்பு, டிபன், காபி என்று போய்விடுகிறது. அதையெல்லாம் ஆண்டு விழாவுக்குத் தள்ளிவிட்டு, இனிமேல் மனு, கோரிக்கை, வழக்கு, தர்ணா என்று மட்டும் சங்கம் நடக்க வேண்டும் என்கிறீர்கள். பணியில் இருந்த காலத்துத் தொழிற்சங்கம் கற்றுத்தந்த ஒழுங்கு இது. அந்த வேகம் கிளைக்குத் தேவைதான். ஆனாலும் இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்துவிடாதீர்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். ஓய்வூதியர் சங்கத்தில் நலம் விசாரிப்பதையும் உரிமை கேட்பதையும் பிரிக்க முடியாது. முதலாவது நின்றுபோனால், இரண்டாவது சில வருடங்களில் தானாகவே நின்றுவிடும்.

பணியில் இருந்தபோது நம் கையில் ஒரு பலம் இருந்தது. தபால் பட்டுவாடா நிற்கும், ரயில் நிற்கும், கோப்பு நகராது. 1960 ஜூலையிலும் 1968 செப்டம்பர் 19 அன்றும் மத்திய அரசு ஊழியர்களும், 1974 மே மாதத்தில் ரயில்வே தொழிலாளர்களும் அந்தப் பலத்தைக் காட்டினார்கள். அதற்குப் பெரிய விலையும் கொடுத்தார்கள். ஓய்வூதியருக்கு அந்த வழி இல்லை. நாளை முதல் நாங்கள் எதையும் செய்யமாட்டோம் என்று நாம் அறிவித்தால் எந்த அலுவலகத்திலும் ஒரு மேசைகூட அசையாது. 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை மூன்று தவணை அகவிலை நிவாரணம் நிறுத்தப்பட்டது. பிறகு விகிதம் 17-லிருந்து 28 சதவீதமாக உயர்ந்ததே தவிர, அந்தப் பதினெட்டு மாத நிலுவை வரவில்லை. நமக்கு மிஞ்சியிருப்பவை மூன்று: விதிகளைப் பற்றிய அறிவு, நீண்ட ஞாபகம், கூடி இருப்பது. இவற்றில் மூன்றாவதுதான் மற்ற இரண்டையும் தாங்குகிறது. ஊதியக்குழு பத்து வருடத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. நிலுவைத் தொகைக்காகச் சேர்ந்தவர் அது கணக்கில் ஏறியதும் போய்விடுவார். ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் நடுவிலுள்ள அந்தப் பத்து வருடத்தில் ஆளைப் பிடித்துவைப்பது எது என்று யோசித்துப் பாருங்கள்.

நம் வரலாற்றின் பெரிய வெற்றிகளையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை படியுங்கள். 1982 டிசம்பர் 17 அன்று வந்த நகரா தீர்ப்பை ஒவ்வொரு வருடமும் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறோம். 1979-இல் ஓய்வூதியக் கணக்கீடு தாராளமாக்கப்பட்டபோது, அந்த வருடம் மார்ச் 31-க்கு முன் ஓய்வுபெற்றவர்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். அந்தத் தேதிக்கோட்டை உச்ச நீதிமன்றம் அழித்தது. ஓய்வூதியம் அரசின் கருணைக்கொடை ஆகாது என்பது 1971-இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கிலேயே சொல்லப்பட்டுவிட்டது. நகரா வழக்கு அதற்கு உடலும் உயிரும் கொடுத்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1985-இல் முடிந்த பூனம்மாள் வழக்கு. 1964-இல் வந்த குடும்ப ஓய்வூதியத் திட்டம் அதற்கு முந்தியவர்களின் மனைவியரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த விதவைகளுக்கும் தர வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. அடுத்த வருடம் காமன் காஸ் அமைப்பின் வழக்கில், கம்யூட்டேஷன் என்று முன்கூட்டியே மொத்தமாக வாங்கிய பகுதி பதினைந்து வருடத்துக்குப் பின் திரும்பக் கிடைக்க வழி பிறந்தது. மூன்றிலும் பலன் பெற்றவர்கள் யார் என்று பாருங்கள்: ஏற்கெனவே வெளியேறிவிட்டவர்கள், மறக்கப்பட்டவர்கள், அலுவலகத்தில் ஒரு நாள்கூட வேலை பார்த்திராத பெண்கள். ஊழியர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் இவர்கள் இல்லை. இப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று யாரோ எண்ணி வைத்திருந்ததால்தான் வழக்கே பிறந்தது.

தீர்ப்பும் ஆணையும் வந்துவிட்டால் காசு வந்துவிடும் என்று நினைக்கிறோம். காகிதத்தில் உள்ள உரிமை கைக்கு வரும் வழியில் பல கதவுகள் இருக்கின்றன. 80 வயது முடிந்த மத்திய அரசு ஓய்வூதியருக்கும் குடும்ப ஓய்வூதியருக்கும் 20 சதவீதம் கூடுதல் உண்டு. 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, நூறு வயதில் முழு மடங்கு. அடிப்படைக் குடும்ப ஓய்வூதியம் 20,000 ரூபாய் வாங்கும் மூதாட்டிக்கு 80 வயதில் மாதம் 4,000 ரூபாயும் அதன்மேல் அகவிலை நிவாரணமும் கூடும். ஆனால் பழைய ஓய்வூதிய வழங்கு ஆணையில் (பி.பி.ஓ.) கணவரின் பிறந்த தேதி இருக்கும், மனைவியின் தேதி இருக்காது. தேதி இல்லாவிட்டால் வங்கியின் கணினிக்கு அவர் 80-ஐத் தொடவே மாட்டார். அவருக்கோ அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. ஓய்வுபெற்றபின் இறந்தவரின் குடும்பத்துக்கு முதல் ஏழு வருடம், அல்லது இறந்தவருக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள் வரை, இவற்றில் எது முந்தியதோ அதுவரை கூடிய விகிதம் உண்டு; அதற்குப் பின் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். அந்த நாளை வங்கி தவறவிட்டுத் தொடர்ந்து கூடுதலாகக் கொடுத்தால், பிறகு ஒரு நாள் மொத்தமாகப் பிடித்தம் செய்யும். வயதான பெண்ணுக்கு அந்த மாதம் எப்படி இருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

இன்னும் நுட்பமான இடம் மகள்களைப் பற்றியது. கணவனை இழந்த மகளுக்கும் விவாகரத்தான மகளுக்கும் 2004 முதல், மணமாகாத மகளுக்கு 2007 முதல், வயது வரம்பு இல்லாமல் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும்; பெற்றோரைச் சார்ந்து வாழ்ந்தவராகவும் வருமான வரம்புக்குள் இருப்பவராகவும் இருக்க வேண்டும். விவாகரத்து வழக்கு பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கும்போதே தொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்றொரு நிபந்தனையும் உண்டு. தம்மால் பிழைப்பு தேடிக்கொள்ள முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் உண்டு. அவர் பெயரை ஓய்வூதியர் உயிரோடு இருக்கும்போதே பி.பி.ஓ.வில் சேர்த்துவிடலாம். இப்போது சொல்லுங்கள், இந்தத் தகவல்கள் சங்கத்துக்கு எந்த வழியில் வந்து சேரும்? மகள் வாழாவெட்டியாக வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று எந்தத் தகப்பனும் மேடையில் மைக் பிடித்துச் சொல்வதில்லை. மனவளர்ச்சி குன்றிய மகனை உறவினருக்கே காட்டாமல் வளர்த்த குடும்பங்கள் உண்டு. ஒரு பிறந்தநாளுக்குக் கேசரி கொடுத்துவிட்டு, அருகில் உட்கார்ந்து, “பெரியவள் எப்படி இருக்கிறாள்?” என்று கேட்கும் ஆளிடம்தான் அந்த விஷயம் மெல்ல வெளியே வரும். வந்த பிறகுதான் விதி எண், படிவம், சான்று எல்லாம். நீங்கள் வெட்ட நினைக்கும் அந்த அரைமணி நேரத்தில்தான் இந்த உரிமைகளில் பலவும் முதன்முதலாகத் தெரியவருகின்றன. அதை இழந்தால் மனு எழுதும் திறமை உங்களிடம் இருக்கும். யாருக்காக எழுதுவது என்பதுதான் தெரியாமல் போகும்.

எல்லாம் கைப்பேசியிலேயே வந்துவிட்டதே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற மின்னணு முறை வந்த பிறகு வாழ்வுச் சான்றிதழுக்காக வங்கி வாசலில் நிற்பது பெரிதும் குறைந்திருக்கிறது. முகத்தைக் காட்டியே பதிவு செய்யலாம், தபால்காரரை வீட்டுக்கே வரவழைக்கலாம். இதை நான் முழுமனதாக வரவேற்கிறேன். வெயிலில் வரிசையில் நின்றதில் பெருமை ஒன்றும் இல்லை. ஆனால் கருவி, கேட்டதற்குத்தான் பதில் சொல்லும். கேட்கத் தெரியாதவருக்காகத் தானே போய்க் கேட்காது. அதோடு, வங்கி வரிசை போனபோது இன்னொன்றும் போய்விட்டது. முன்பு நவம்பரில் எல்லோரும் ஒரே இடத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்; யார் தளர்ந்திருக்கிறார், யாருக்குக் கண் தெரியவில்லை, யார் வரவே இல்லை என்பது தானாகத் தெரிந்தது. அந்த வேலையை இனி மாதக் கூட்டம்தான் செய்ய வேண்டும். கூட்டத்துக்கு வந்தவர்களின் கையெழுத்தைவிட வராதவர்களின் பட்டியலே செயலாளருக்குப் பெரிய ஆவணம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

நீதிமன்றம் இருக்கிறது, நகரா தீர்ப்பு இருக்கிறது, அது காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் உங்கள் கடிதத்தில் தெரிந்தது. அந்தத் தீர்ப்பின் எல்லையை நீதிமன்றமே சில வருடங்களில் வரைந்துவிட்டது. 1990-இல் கிருஷ்ணகுமார் வழக்கில், பி.எஃப். திட்டத்தில் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள் நகராவைக் காட்டி ஓய்வூதியத்துக்கு மாறக் கேட்டார்கள். அவர்கள் வேறு வகுப்பு என்று சொல்லி மறுக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டின் நிதிச் சட்டமோ, ஓய்வுபெற்ற தேதியை வைத்து ஓய்வூதியரிடையே வேறுபாடு செய்யும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு முன்தேதியிட்டு உறுதி செய்திருக்கிறது. இப்போது கிடைக்கும் ஓய்வூதியத்தை இது மாற்றாது என்று அரசு விளக்கியது. அந்த விளக்கத்தையும் மறைக்காமல் உறுப்பினர்களிடம் சொல்லுங்கள். ஆனாலும் 1979-இல் வரைந்தது போன்ற கோட்டை மறுபடி வரையச் சட்டத்தில் இடம் வந்துவிட்டது. எட்டாவது ஊதியக்குழுவின் ஆய்வு வரம்புகளில் பங்களிப்பில்லாத ஓய்வூதியத் திட்டங்களின் செலவும் கவனத்தில் கொள்ள வேண்டியதாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. 1982-இல் வென்றதை மறுபடி வாதாட வேண்டி வரலாம். அன்று வாதாடியவர்கள் யாரும் பெரும்பாலும் இருக்கமாட்டார்கள். அந்த ஞாபகத்தை அடுத்த கைக்கு மாற்றும் இடமும் இதே கூட்டம்தான். சுற்றறிக்கையைக் கோப்பில் வைக்கலாம். அதை எப்படிப் படிப்பது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சொல்லித்தர முடியும்.

எனக்கு உண்மையிலேயே கனமாகப் படும் மறுப்பு வேறு. 1995-இன் இ.பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-இல் 1,000 ரூபாய் என்று வைத்ததோடு நிற்கிறது. 2004 ஜனவரி முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்த இளைஞர்கள் பங்களிப்போடு கூடிய புதிய ஓய்வூதியத் திட்டத்துக்குள் தள்ளப்பட்டார்கள். கட்டடத் தொழிலாளியின் முதுமைக்கு என்ன இருக்கிறது? இந்த ஊரில் நிம்மதியாகச் சாப்பிடும் சிலரில் நாமும் சிலராக இருந்துகொண்டு இன்னும் கேட்பது சரியா என்று யாராவது கேட்டால் கோபப்படாதீர்கள். சரியான கேள்வியை அவமானமாக எடுத்துக்கொள்வது தவறு. நம்முடையதைக் குறைத்தால் அவர்களுடையது கூடும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. முதுமையில் ஒருவருக்கு உறுதியான வருமானம் தர முடியும் என்பதற்கு நாட்டில் மிஞ்சியிருக்கும் சாட்சியே நாம்தான். ஆனால் இந்தப் பதில் வாயளவில் நின்றால் செல்லாது. படிவம் நிரப்பவும், மேல்முறையீடு எழுதவும், வைப்புநிதி அலுவலகத்தில் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று சொல்லவும் தெரிந்தவர்கள் நம் கிளையில் பலர். மாதத்தில் ஒரு காலைப்பொழுது, கூட்டுறவுச் சங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்து 1,000 ரூபாய் வாங்குபவர்களுக்காகச் சங்க அறையைத் திறந்துவையுங்கள். புதிய திட்டத்து இளைஞர்கள் கோரிக்கை வைக்கும்போது கொடியோடு போய் நில்லுங்கள். நாளைக்கு அவர்கள் நமக்காக நிற்பார்களா என்ற கணக்கைப் பார்க்க வேண்டாம்.

கூட்டத்தில் திருத்த வேண்டியவை இல்லாமலில்லை. வாழ்த்துரைகள் நீளம், அவற்றைச் சுருக்குங்கள். மாடி அறையை விட்டுவிட்டுத் தரைத்தளத்தில் ஒரு இடம் பாருங்கள், பொழுது சாய்வதற்குள் முடியுங்கள். முதல் முறை வரும் பெண்கள் மூலையில் உட்காராமல் இருக்க ஒரு பெண் உறுப்பினர் வாசலிலேயே இருக்கட்டும். 80 கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே வாழ்வுச் சான்று தரலாம். ஆகையால் பதிவேட்டைச் செப்டம்பருக்குள் சரிபார்த்துவிடுங்கள்: பெயர், பி.பி.ஓ. எண், இருவரின் பிறந்த தேதி, வீட்டில் சார்ந்திருப்பவர்கள். கடைசியாக ஒன்று. உறுப்பினர் ஒருவர் இறந்தால் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தி, இரங்கல் தீர்மானம் போட்டு, பதிவேட்டில் அவர் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிடுகிறோம். எல்லாக் கிளைகளிலும் இதுதான் வழக்கம். அந்தக் கோட்டைப் போடும்போதே அடுத்த வரியில் அவர் மனைவியின் பெயரைப் பிறந்த தேதியோடு எழுதுங்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்தில் இரண்டு பேராகப் போய், குடும்ப ஓய்வூதியப் படிவத்தோடு சங்கத்தின் உறுப்பினர் படிவத்தையும் அவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த தோழர்