புல்லட்டுக்கு எந்த ஹேண்டில்பார்?

கேள்வி: 1970களின் புல்லட் 350 ஒன்று வாங்கினேன். முந்தையவர் ஹேண்டில்பாரை மாற்றியிருக்கிறார். பழையபடி வைப்பதா, கஃபே ரேசர் மாதிரி தாழ்த்துவதா?

பதில்: முதலில் வண்டியில் இருப்பது எது என்று பாருங்கள். கைப்பிடியைக் கழற்றி குழாயின் வெளிவிட்டத்தை வெர்னியரால் அளந்தால் ஏறத்தாழ 22 மி.மீ., அதாவது முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல், 7/8 அங்குலம் வர வேண்டும். 25.4 வந்தால் அது ஹார்லி வகைக் குழாய். சுவிட்ச், லீவர் எதுவும் சரியாக உட்காராது. பிறகு அகலம், உயரம், ஓட்டுபவரை நோக்கிய வளைவு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் பெயரைவிட இந்த எண்கள்தான் உதவும்.

தாழ்ந்ததில் இரண்டு வகை உண்டு. கிளிப்-ஆன், முன்ஃபோர்க் குழாய்களையே நேரடியாகப் பிடிக்கும் இரு துண்டுகள். உங்கள் வண்டியில் ஹெட்லைட் கூடும் தகட்டு உறையும் அந்த இடத்தை மறைத்திருப்பதால் முன்பக்கத்தையே பிரித்து மாற்ற வேண்டிவரும். வேண்டாம். ஏஸ் பார் ஒரே குழாய். பழைய கிளாம்பிலேயே ஏறும். பெயர் லண்டன் ஏஸ் கஃபேயிலிருந்து வந்தது. ஆனால் ஃபுட்ரெஸ்ட் பின்னால் போகாவிட்டால் உடல் பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும். நகர நெரிசலில் அது தண்டனை.

நானாக இருந்தால் பழைய வடிவத்தையே தேடுவேன்.

எதை மாட்டினாலும், எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை இரு கோடிக்கும் திருப்புங்கள். ஐடிலிங் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. லீவர் டேங்கில் இடித்தாலும் அந்த பார் பொருந்தாது.